சாக்குக்கு ரெண்டு கிலோ

நாலேகாலுக்கு லயத்துப் படியடியில்
சாவியைத் திருப்பினேன்.
காருக்குள் இருக்கும் ஜப்பான்காரி வழக்கம்போல் ஏதோ சொன்னாள்.
வாங்கி மூன்று வருஷம்.
வணக்கம் என்கிறாளா, லீசிங் காசைக் கட்டு என்கிறாளா,
இன்னும் தெரியாது.
அவள் பேசி முடித்ததும் அந்த விளக்கு வந்தது.

"மாமா, மஞ்சள் சட்டி" என்றான் பின் சீட்டுப் பொடியன்.
"சட்டிக்குள்ள ஆச்சரியக்குறி."
ரெண்டாம் ஆண்டு. போன கிழமைதான் படித்தானாம்.

அவன் அம்மா சாந்தமேரி குவைத்துக்குப் போகிறாள்.
பத்தரைக்குக் கட்டுநாயக்காவில் நிற்கவேண்டும்.
டிக்கியில் அவள் பெட்டி.
முப்பது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள் என்று
நேற்று அந்தியில் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
முப்பத்தொன்று.
கணக்கப்பிள்ளை கைப்பழக்கத்தில்
சாக்குக்கு ரெண்டு கிலோ கழித்து
இருபத்தொன்பது என்றாராம்.
"ஏரோப்பிளேன்காரன் கழிக்கமாட்டான் ஐயா" என்று
கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தாளாம்.
வழியெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இறங்கி, போன் வெளிச்சத்தில் நாலு டயரையும் உதைத்தேன்.
விரல் விறைத்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"போவலாமா?" என்றான் செபமாலை, அவள் புருஷன்.
போகமுடியாது என்று நான் சொல்லிவிட்டால்
அவன் என்னைத் திட்டியிருக்கமாட்டான்.
அந்தக் குரலில் அது இருந்தது.

லிந்துலையில் மூடுபனி. விளக்கு எரிந்தபடி.
தலவாக்கலையில் பாயிஸின் பலகைக் கதவைத் தட்டினேன்.
குல்லாவும் போர்வையுமாக வந்தான்.
கம்பிரசர் ஒரு இருமல் இருமி
கடைவீதி நாய்களையெல்லாம் எழுப்பியது.

இருபத்தேழு. இருபத்தாறு.
இருபத்தேழு. இருபத்தாறு.

"ஓட்டை இல்ல" என்றான்.
"ஓட்டைன்னா ஒண்ணுதான் எறங்கும்.
நாலும் சேந்து எறங்கினா அது குளிரு.
கடைசியா எங்க அடிச்சீங்க?"

"நீர்கொழும்புல. பகல் ஒரு மணிக்கு."

"அங்க முப்பத்திரெண்டு இருந்திருக்கும்.
காத்து எங்கயும் போவல்ல, அண்ணன்.
உள்ளுக்குள்ளயே கூனிக் குந்திக்கிட்டு இருக்கு.
மூணு மூணு அடிக்கிறேன், போதும்.
கீழ எறங்க எறங்க சூட்டுல தானா எந்திரிக்கும்."

இருநூறு ரூபாய்.
அகாலத்துக்கு இன்னொரு நூறு.
சாந்தமேரி கைப்பையைத் திறந்தாள்,
நான் வேண்டாம் என்றேன்,
செபமாலை கொடுத்தான்.

விளக்கு அணையவில்லை.
"கொஞ்சம் ஓடினாத்தான் அதுக்கு வெளங்கும்" என்று
பாயிஸ் பலகைகளை மறுபடி பொருத்தினான்.

டெவன் வளைவில் பொடியன் முன்னால் சாய்ந்து கேட்டான்:
"லைட்டு அணையாட்டி திரும்பிருவமா, மாமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
வைப்பர் ஒரு தரம் போய் வந்தது.
ஹட்டனில் அப்பன் தூங்கிப்போனான்.
கினிகத்தேனை இறக்கத்தில் அவளும்,
பாஸ்போர்ட் பையை மார்போடு பிடித்தபடி,
வாய் லேசாகத் திறந்து.

கித்துல்கலையில் வெயில் வந்தது.
கண்ணாடியை இறக்கினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
எந்த வளைவில் என்று தெரியாது,
சட்டியும் இல்லை, குறியும் இல்லை.
ஜப்பான்காரி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன்.
பொடியன் முழித்துக்கொண்டுதான் இருந்தான்.
ரெண்டு சீட்டுக்கும் நடுவே தாடையை வைத்து
வெறும் கறுப்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் இருக்கு, மாமா" என்றான்
அம்மாவை எழுப்பாத குரலில்.

அவிசாவளைக்கு இன்னும் அரைமணி.
ஒரு லாரிக்கு வழிவிட்டேன்.
அது போன பிறகும் ஓரத்திலேயே ஓட்டினேன்.

"ஆமா" என்றேன்.
"இருக்கு."